டிஸ்னி வேர்ல்டு: வளாகத்துக்குள் தங்குவதா, வெளியே வீடு எடுப்பதா?

செந்தில் (அட்லாண்டா):

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போவது முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

நான், மனைவி, ஐந்து வயது மகள், இரண்டு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா என்று ஆறு பேர். அப்பாவுக்கு 71 வயது, கும்பகோணம் பக்கத்தில் விவசாயம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி. வீட்டுக்குள் நன்றாக நடப்பார், மாலில் ஒரு சுற்று வந்தால் உட்கார இடம் தேடுவார். சுத்த சைவம், ஒரு வேளைக்கு மேல் வெளிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இருவருக்கும் இது முதல் அமெரிக்கப் பயணம், இன்னொரு தடவை வரமுடியுமா என்று தெரியாது. அதனால் இதை ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று மனதில் ஒரு அழுத்தம் இருக்கிறது.

சொந்த வேனில்தான் போகிறோம். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று அங்கே இருக்கும் நான்கு பூங்காக்களையும் பார்க்க ஆசை. மனைவி டிஸ்னி ஹோட்டலிலேயே தங்கலாம் என்கிறார், குழந்தைகளுக்கு அந்த உணர்வே தனி என்று. ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் கிஸிமி பக்கம் நீச்சல்குளத்தோடு தனி வீடு எடு, பாதிப் பணம் மிச்சம் என்கிறார்கள். கணக்குப் போட்டால் உள்ளே ஆகும் செலவு வெளியே ஆவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது. அந்தக் கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.


பாலா (பிளானோ, டெக்சஸ்):

செந்தில், கண்ணை மூடிக்கொண்டு வீடு எடுங்கள். நாங்கள் மாமனார், மாமியாரோடு சாம்பியன்ஸ்கேட் பக்கம் நான்கு படுக்கையறை வீடு எடுத்தோம். அவர்களுக்குத் தனி அறை, தனிக் குளியலறை. துணி துவைக்கும் மெஷின் இருந்தது. காலையில் மாமியார் இட்லி ஊற்றி, தயிர்சாதம் பிசைந்து டப்பாவில் போட்டுவிடுவார். டிஸ்னி பூங்காக்களுக்குள் நம் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம், தடையே கிடையாது. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. குளிர்ச்சிக்கு உதிரி ஐஸ்கட்டி போடாமல் ஐஸ் பேக் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீர் கேட்டால் கவுன்டர் கடைகளில் ஐஸ் போட்டு இலவசமாகவே தருவார்கள்.

உங்கள் அம்மாவின் சாப்பாட்டுப் பிரச்சினைக்கு ஹோட்டலில் என்ன செய்வீர்கள்? டிஸ்னியின் மலிவு ஹோட்டல் அறையில் சின்ன ஃபிரிட்ஜ் இருக்கும், அடுப்பு கிடையாது. சாதம் வடிக்க முடியாத இடத்தில் நம் பெரியவர்களை ஒரு வாரம் வைத்திருப்பது அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். வீடாக இருந்தால் பூங்காவுக்குப் போகாத நாளிலும் அவர்களுக்குப் பொழுது போகும்.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். தினசரி வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுத்தம் செய்யும் கட்டணம், குளத்தைச் சூடாக்கும் கட்டணம், வரி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஜூனில் குளத்தைச் சூடாக்கவே வேண்டாம், அதைக் கழித்துவிடச் சொல்லுங்கள்.


ரேவதி (சார்லட்):

வீடோ ஹோட்டலோ, "டிஸ்னிக்கு இலவச ஷட்டில் உண்டு" என்று போட்டிருப்பதை நம்பி மட்டும் எடுக்காதீர்கள். நாங்கள் 192ஆம் நெடுஞ்சாலையில் ஒரு ஹோட்டலில் தங்கினோம். காலையில் இரண்டு வண்டி, இரவில் இரண்டு வண்டி, நடுவில் ஒன்றும் கிடையாது. மதியம் என் சின்னவனுக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது, திரும்ப டாக்சிதான் பிடித்தோம். முதல்நாளே அந்த நேர அட்டவணையை யாராவது எங்களிடம் காட்டியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம். நீங்கள் சொந்த வேனில் போவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பூங்காவில் கார் நிறுத்த ஒரு நாளைக்கு 30 டாலருக்குக் குறையாது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு அது இலவசம்.


மைதிலி (டாம்பா):

செந்தில் தம்பி, நான் டாம்பாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னிக்கு அழைத்துப் போவது என் வேலையாகவே ஆகிவிட்டது. என் மாமனார், மாமியார், சித்தி, சித்தப்பா, அவர்களுடைய சம்பந்தி வரை அழைத்துப் போயிருக்கிறேன். உள்ளேயும் தங்கியிருக்கிறோம், வெளியேயும் தங்கியிருக்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உள்ளே, வெளியே என்று பிரித்துப் பார்ப்பதை முதலில் விட்டுவிடுங்கள். டிஸ்னி வேர்ல்டு ஏறக்குறைய 40 சதுர மைல். அதற்குள் இருக்கும் சில ஹோட்டல்களைவிட வெளியே இருக்கும் சில இடங்கள் பூங்கா வாசலுக்குப் பக்கம். நான் எப்போதும் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். மதியம் ஒரு மணிக்கு, பூங்கா வாசலிலிருந்து உங்கள் அப்பா கட்டிலில் சாய எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூன் மாத ஃபுளோரிடாவைச் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கே புழுக்கம் ஆரம்பித்துவிடும். மதியம் இரண்டு, மூன்று மணிவாக்கில் மேகம் திரண்டு இடி, மின்னலோடு கொட்டும். அரைமணி, ஒருமணி நேரத்தில் நின்று மறுபடி வெயில் அடிக்கும். வாரத்தில் பல நாள் இதே கதைதான். குழந்தையையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை தாக்குப்பிடிக்க முடியாது. காலையில் சீக்கிரம் போய், மதியம் திரும்பி, சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் மறுபடி போனால்தான் எல்லோருக்கும் சிரித்த முகம் இருக்கும். உள்ளே தங்கக் கொடுக்கும் பணம் இந்த மதியத் தூக்கத்துக்குத்தான். சுவரில் மிக்கி படம் இருப்பது அதற்கு அப்புறம்.

இப்போது மேஜிக் கிங்டமை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை இருக்கும் பூங்கா அதுதான், உங்கள் மகளுக்கு முக்கியமானதும் அதுதான். மற்ற மூன்று பூங்காக்களிலும் காரை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்விடலாம். மேஜிக் கிங்டமுக்கு அப்படி முடியாது. கார் நிற்கும் இடம் ஒரு பெரிய ஏரிக்கு இந்தப் பக்கம், பூங்கா அந்தப் பக்கம். காரை நிறுத்தி, டிராமில் ஏறியோ நடந்தோ போக்குவரத்து மையத்துக்கு வந்து, பாதுகாப்புச் சோதனை முடிந்து, படகிலோ மோனோரயிலிலோ ஏரியைக் கடக்க வேண்டும். டாக்சியும் வெளி ஹோட்டல் பஸ்ஸும் உங்களை இறக்கிவிடுவது இந்தக் கரையில்தான். டிஸ்னி ஹோட்டல் பஸ் மட்டும் நேராகப் பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

காலையில் இது ஒரு கஷ்டமாகவே தெரியாது. படகுப் பயணம் பெரியவர்களுக்கு மிகவும் பிடிக்கும். மதியம் திரும்பும்போதுதான் தெரியும். ஸ்ட்ரோலரில் பையன் அழுவான், அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கும், படகுக்கு வரிசை, டிராமுக்கு வரிசை, கார்க் கதவைத் திறந்தால் உள்ளே அனல். அப்புறம் ஐ-4 சாலை நெரிசலில் ஊர்ந்து சாம்பியன்ஸ்கேட் போய்ச் சேர ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு தூரம் போனவர்கள் சாயங்காலம் திரும்பி வருவதில்லை, வரவும் தெம்பு இருக்காது. பாலா சொன்ன வீடு நல்ல வீடுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே தங்கினால் பூங்காவில் பாதி நாள்தான் உங்களுக்கு. இரவு வாணவேடிக்கையை அப்பா, அம்மா பார்க்காமலே போவார்கள்.

அதற்காக உள்ளே எந்த ஹோட்டலாக இருந்தாலும் சரி என்று நினைக்காதீர்கள். டிஸ்னியின் மலிவு ஹோட்டல்களான ஆல்-ஸ்டார் மூன்றுக்கும் பஸ் மட்டும்தான். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பயணம் எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் எளிதாகப் போகும். அனிமல் கிங்டம் லாட்ஜ் எனக்கு மிகவும் பிடித்த இடம். பால்கனிக்கு எதிரே ஒட்டகச்சிவிங்கி மேயும். அங்கே சனா என்ற உணவகத்தில் நான் ரொட்டியும் விதவிதமான சட்னியும் கிடைக்கும், உங்கள் அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் அது ஒரு மூலையில் இருக்கிறது, மேஜிக் கிங்டமுக்குத் தூரம். அங்கே தங்கவேண்டாம், ஒருநாள் சாப்பிட மட்டும் போங்கள்.

இன்னொரு விஷயம், ஆள் கணக்கு. மலிவு ஹோட்டல்களின் சாதாரண அறையில் நான்கு பேர்தான், மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் தொட்டிலில் கூடுதலாக ஒருவர். உங்களுக்குப் பெரியவர்கள் நான்கு பேரோடு மகளும் இருப்பதால் ஐந்தாகிவிடுகிறது. ஆகவே ஒரு அறை போதாது. இரண்டு அறை எடுக்கவேண்டும், இல்லையென்றால் ஃபேமிலி சூட். ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலும் ஆல்-ஸ்டார் மியூசிக்கிலும் சூட் உண்டு, ஆறு பேர் தங்கலாம், இரண்டு குளியலறை. படுக்கையறை என்று கதவோடு இருப்பது ஒன்றுதான். மற்றப் படுக்கைகள் சோபாவை விரித்தும் மேஜையை மடக்கியும் போடுவது. கதவுள்ள அறையைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் யோசனை இது. பெரும்பாலான இரவுகளுக்கு பானட் க்ரீக் பகுதியில் சமையலறையோடு இரண்டு படுக்கையறை குடியிருப்பு எடுங்கள். வரைபடத்தில் பாருங்கள், மூன்று பக்கமும் டிஸ்னி நிலம், நடுவில் இது மட்டும் வேறொருவருடையது. டிஸ்னி ஹோட்டல் சலுகைகள் இந்தக் குடியிருப்புகளுக்குக் கிடையாது. ஆனால் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் காரில் பத்து நிமிடம். அம்மா சாதம் வடிக்கலாம், அப்பா நேரத்துக்குச் சாப்பிடலாம். மேஜிக் கிங்டமுக்கு மட்டும் ஒரு இரவு, அந்த ஏரிக்கரையிலேயே இருக்கும் டிஸ்னியின் பாலினீசியன் ஹோட்டலில் தங்குங்கள். அங்கே சாதாரண அறையிலேயே ஐந்து பேர் தங்கலாம், உங்கள் பையன் தொட்டிலில். கணக்கு சரியாக வரும்.

ஒரு இரவுதான் என்றாலும் வருகிற நாள், கிளம்புகிற நாள் இரண்டுக்கும் சலுகை உண்டு. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களை எல்லாப் பூங்காக்களிலும் தினமும் அரைமணி நேரம் முன்னதாக விடுவார்கள். அந்த அரைமணியில் பீட்டர் பான் மாதிரியான சவாரியில் கூட்டமில்லாமல் ஏறிவிடலாம், பகலில் அதற்கு ஒரு மணி நேரம் நிற்கவேண்டியிருக்கும். முதல்நாள் காலையிலேயே காரை ஹோட்டலில் நிறுத்தி, பெட்டிகளை அங்கே ஒப்படைத்துவிட்டு மோனோரயிலில் பூங்காவுக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப்போய்ப் பூங்காவிலேயே குளிர்ச்சியான இடமாகப் பார்த்து முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு அறை தயாராகும். மழை வருகிற நேரமும் அதுதான். தூங்கி எழுந்து, நீங்கள் இருவரும் குழந்தைகளோடு மறுபடி பூங்காவுக்குப் போகலாம். அப்பா, அம்மாவுக்கு அலுப்பாக இருந்தால் ஹோட்டலின் ஏரிக்கரை மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கோட்டைக்கு மேல் வெடிக்கும் வாணங்களைப் பார்க்கலாம். பாட்டும் அங்கேயே கேட்கும். கூட்ட நெரிசல் எதுவும் அவர்களைத் தொடாது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு இரவுக்கு 700, 800 டாலர் ஆகும், மேலே 12.5 சதவீத வரி. பெரிய தொகைதான். ஆனால் எல்லா இரவும் உள்ளே தங்குவதோடு ஒப்பிட்டால் மிச்சமாகத்தான் வரும். நீங்கள் எந்த இரவுக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதும் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.


பாலா (பிளானோ, டெக்சஸ்):

மைதிலி அக்கா சொல்கிற மதியத் தூக்கத்தை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் பூங்காவுக்கு ஒருநாள், வீட்டில் ஒருநாள் என்று மாற்றி மாற்றிப் போனோம், அதனால் அந்தக் களைப்பு தெரியவில்லை. விடுமுறை நாள் அதிகம் இருந்தால் வீடுதான் என்று இன்னமும் சொல்வேன். இரவில் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டதுதான் என் மாமனார் இப்போதும் போனில் பேசுவது.

யாராவது ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யுனிவர்சல் பூங்காக்களுக்கும் சேர்த்து யோசித்தால், அங்கே கணக்கே வேறு. போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூன்று ஹோட்டல்களில் எதில் தங்கினாலும் வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையோடு இலவசம், பழைய இரண்டு பூங்காக்களுக்கும் செல்லும். 2025இல் திறந்த புதிய பூங்காவான எபிக் யுனிவர்சுக்கு அது செல்லாது. அந்த மூன்று ஹோட்டல்களில் ஒன்றில் ஒரு இரவு தங்குவது பாஸைத் தனியாக வாங்குவதைவிட மலிவாகவே முடியும், குடும்பம் பெரிதாக இருந்தால்.


செந்தில் (அட்லாண்டா):

மைதிலி அக்கா, எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். உங்கள் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்கலாம் என்றதும் அம்மா, "அங்கேயே போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று சந்தேகங்கள். ஒன்று, பெட்டி கட்டி இடம் மாறுவது மனைவிக்குப் பிடிக்கவில்லை. ஸ்கைலைனர் கேபிள் கார் ஓடும் ஹோட்டலில் ஒரே இடமாகத் தங்கினால் என்ன என்று கேட்கிறார். இரண்டு, அம்மாவுக்குச் சக்கர நாற்காலி எடுப்பதா? அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். மூன்று, அப்பாவுக்கு இந்தச் சவாரிகளில் ஆர்வம் இருக்குமா என்றே தெரியவில்லை. அவருக்காக ஏதாவது இருக்கிறதா?


மைதிலி (டாம்பா):

ஸ்கைலைனர் நல்ல யோசனைதான். 2019 செப்டம்பரில் தொடங்கிய கேபிள் கார் அது. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியரா ஹோட்டல்களிலிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகும். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்க வேண்டாம், பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு பெட்டியில் பத்து பேர் வரை உட்காரலாம். உங்கள் குடும்பம் மொத்தமும் ஒன்றிலேயே ஏறிவிடும். நிற்காமல் மெதுவாக நகரும் பெட்டியில் ஏறவேண்டும் என்று பயப்படாதீர்கள். சக்கர நாற்காலி, மூட்டுவலிக்காரர்களுக்குத் தனியாக நிறுத்தி ஏற்றும் இடம் இருக்கிறது, வாசலில் நிற்பவரிடம் சொன்னால் போதும். மின்னல் வெட்டினால் நிறுத்திவிடுவார்கள், ஜூன் மதியத்தில் அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது பஸ் விடுவார்கள்.

ஸ்கைலைனர் மேஜிக் கிங்டமுக்கும் அனிமல் கிங்டமுக்கும் போகாது. மேஜிக் கிங்டமுக்கு அங்கிருந்து பஸ். அனிமல் கிங்டமுக்கு உங்கள் வேனிலேயே போங்கள், நிறுத்தும் கட்டணம் கிடையாது. ஒரே இடம்தான் வேண்டுமென்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் சூட் உங்களுக்குச் சரியாக இருக்கும். சமையல் மட்டும் நடக்காது. மைக்ரோவேவ் உண்டு, சூடு பண்ணிக்கொள்ளலாம். அட்லாண்டாவிலிருந்தே புளிக்காய்ச்சல், பொடி, தொக்கு எல்லாம் செய்து எடுத்துவாருங்கள். ஆர்லாண்டோவில் ஆரஞ்சு பிளாசம் டிரெயில் சாலையில் இந்தியக் கடைகள் இருக்கின்றன, தயிரும் மற்றதும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். பணம் கொஞ்சம் கூடும், ஆனால் உங்கள் மனைவிக்கும் இது விடுமுறை என்பதை மறக்காதீர்கள். சமையலறை இருந்தால் யார் சமைப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள் தம்பி.

சக்கர நாற்காலி கட்டாயம் எடுங்கள். "நடக்க முடியாதவர்களுக்குத்தானே அது, எனக்கு எதற்கு" என்றுதான் எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார். எப்காட்டில் பல நாடுகளை மாதிரியாகக் கட்டிவைத்திருக்கும் பகுதி ஏரியைச் சுற்றி ஒரு மைலுக்கு மேல் வரும், அதில் பாதி தாண்டுவதற்குள் அவரே கேட்டு உட்கார்ந்தார். பூங்காவில் வாடகைக்கு எடுத்தால் அதைப் பூங்காவோடு விட்டுவிட்டு வரவேண்டும். அப்புறம் வாசலிலிருந்து கார் வரை, ஹோட்டல் வரை அவர் நடக்கத்தான் வேண்டும். அதிகம் வலிக்கும் தூரமும் அதுதான். வெளி நிறுவனங்கள் மொத்தப் பயணத்துக்கும் ஹோட்டலிலேயே கொண்டுவந்து கொடுத்து, கடைசியில் எடுத்துப்போவார்கள். அதை எடுங்கள். காலையில் விரித்து அதில் உங்கள் பைகளை மாட்டிவிடுங்கள், "பை வைக்கத்தான் அம்மா" என்று சொல்லுங்கள். பதினொரு மணிக்கு அவரே உட்காருவார்.

அப்பாவுக்கு எப்காட்தான் பூங்கா. அங்கே லிவிங் வித் த லேண்ட் என்று ஒரு படகுச் சவாரி இருக்கிறது. மெதுவாகப் போகும், குலுக்கல் எதுவும் இல்லை. பாதி வழிக்குமேல் உண்மையான கண்ணாடித் தோட்டத்துக்குள் போகும். மண்ணே இல்லாமல் வேர் காற்றில் தொங்க, அதற்குத் தண்ணீர் தெளித்துச் செடி வளர்த்திருப்பார்கள். தக்காளிச் செடியை மரம் மாதிரி படரவிட்டு மேலே குலைகுலையாகக் காய்த்துத் தொங்கும். என் மாமனார் மன்னார்குடிப் பக்கம் நெல் போட்டவர். கோட்டையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் படகில் உட்கார்ந்ததும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உரத்தை எதில் கலக்கிறார்கள் என்று என்னிடம் கேள்விமேல் கேள்வி. இறங்கியதும் இன்னொரு தடவை போகலாமா என்றார். அன்று பக்கத்திலேயே தங்கியிருந்ததால் மதியம் ஓய்வெடுத்துவிட்டு, சாயங்காலம் வரிசை குறைந்த நேரத்தில் மறுபடி அழைத்துப் போனேன். தூரத்தில் தங்கியிருந்தால் அந்த இரண்டாம் தடவை நடந்திருக்காது.

இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை. பூங்கா ஒவ்வொன்றிலும் முதலுதவி மையம் இருக்கிறது. அங்கே மருந்தைக் குளிரில் வைத்திருக்கக் கொடுக்கலாம். வெயிலில் பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள்.


ரேவதி (சார்லட்):

இதைப் படித்ததும் எங்கள் பயணத்துக்கு முன்னாலேயே யாராவது இப்படி எழுதியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. செந்தில், டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கத்து ஹோட்டல்களையும் ஒருமுறை பாருங்கள். அவை டிஸ்னி நடத்துவது இல்லை, ஆனாலும் அந்த அரைமணி முன்னுரிமை பலவற்றுக்கு இருக்கிறது. ட்ரூரி பிளாசாவில் காலைச் சாப்பாடும் அறையோடு சேர்த்தே வரும். பதிவு செய்யும் முன் அந்த ஆண்டுக்கு முன்னுரிமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


செந்தில் (அட்லாண்டா):

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். மனைவி, பெட்டி கட்டினாலும் பரவாயில்லை, அந்த ஏரிக்கரை இரவு வேண்டும் என்கிறார். முதலில் பானட் க்ரீக்கில் சமையலறையோடு, கடைசியில் ஒரு இரவு பாலினீசியன். சமையல் என் பொறுப்பு என்று நானே சொல்லிவிட்டேன். பாலா, அடுத்த முறை தம்பி குடும்பமும் சேர்ந்து வந்தால் உங்கள் சாம்பியன்ஸ்கேட் வீடுதான்.

கடைசியாக ஒரு கேள்வி. அப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்குமோ என்று பயம் இருக்கிறது. இப்போதே பதிவு செய்துவிட்டு அப்புறம் ரத்து செய்யவேண்டி வந்தால் பணம் திரும்பி வருமா?


மைதிலி (டாம்பா):

வரும், ஆனால் எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறையை மட்டும் தனியாகப் பதிவு செய்தால் ஒரு இரவு வாடகையை முன்பணமாக எடுப்பார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே ரத்து செய்துவிட்டால் முழுதும் திரும்பக் கிடைக்கும். அறையும் டிக்கெட்டும் சேர்த்துப் பேக்கேஜாக எடுத்தால் 30 நாளுக்கு முன்பே சொல்லவேண்டும், அதற்கு அப்புறம் பிடித்தம் உண்டு. உங்கள் நிலைமைக்கு அறையைத் தனியாக, டிக்கெட்டைத் தனியாக எடுங்கள். பையனுக்கு மூன்று வயது ஆகாததால் டிக்கெட்டே வேண்டாம். பானட் க்ரீக்கில் உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாடகைக்கு எடுத்தால் ரத்து விதி ஒவ்வொருவரிடமும் வேறு மாதிரி இருக்கும், பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். டைம்ஷேர், அதாவது ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்கும் இடங்களில் சாவி வாங்கியதும் இன்னொரு மேஜைக்கு அழைத்து, காலை உணவு தருகிறோம், கொஞ்சநேரம் பேசலாம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போங்கள்.

பாலினீசியன் பதிவு எண்ணை டிஸ்னி செயலியில் சேர்த்துவிடுங்கள். வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் பாஸை வெளியே தங்குகிறவர்கள் மூன்று நாள் முன்புதான் வாங்கலாம். உங்களுக்கு மேஜிக் கிங்டம் நாட்களுக்கு மட்டும் ஏழு நாள் முன்பே, காலை ஏழு மணிக்குத் திறக்கும். அன்று அலாரம் வைத்து எழுந்து மகளுக்குப் பிடித்ததை முதலில் எடுத்துவிடுங்கள். அறையில் குழந்தைத் தொட்டிலும், மின்தூக்கிக்குப் பக்கத்து அறையும் வேண்டும் என்று பதிவிலேயே கேட்டுவிடுங்கள். அம்மாவின் முட்டிக்கு அது பெரிய உபகாரம்.